எங்கள் வீட்டுச் செங்கல்

மம்சாபுரம் ரோட்டை அகலப்படுத்த எங்கள் வீட்டின் முன்னறையை இடித்தார்கள். இடிந்ததை அள்ளிப்போக லாரி வருமென்று காத்திருந்தோம். காண்ட்ராக்டர்தான் வந்தார். சொந்தக்காரர், அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவர்.

"எப்பேர்ப்பட்ட செங்கல் மாமா இது. இப்ப எவன் இப்படிச் சுடுதான்?" என்றார்.

அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோதெல்லாம் சூளையில் நின்று பொறுக்கி எடுத்த செங்கல் அது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதையே ரோட்டுக்கு அடியில போடு. எம்புட்டு லோடு போனாலும் தாங்கும்" என்றார். அந்த ஆள் எதிர்பார்த்து வந்ததும் அதைத்தான்.

தாருக்கு அடியில் கருங்கல் ஜல்லி போட வேண்டும். உடைந்த செங்கல் தண்ணீர் குடித்தால் லாரிச் சக்கரத்தில் மாவாகிவிடும், அதுவும் எங்கள் கரிசலில். அந்தப் படுபாவிக்கு இது தெரியாதா? தெரியும். ஜல்லி மிச்சம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் எங்கள் வாசலுக்கு நேராக ரோடு உள்வாங்கி, கரும்பு லாரி ஒன்று சாய்ந்தது. விசாரிக்க எஞ்சினியர் வந்தார். தெருவே கூடி நிற்க, காண்ட்ராக்டர் அப்பாவைக் கைகாட்டினார். "மாமாதான் போடச் சொன்னாக. பெரியவுக பேச்சைத் தட்ட முடியுமா?"

அப்பா ஆமென்று தலையாட்டினார். சொன்னது அவர்தானே.

பிறகு அந்தச் செங்கலைத் தோண்டி எங்கள் வீட்டு முன்னால் கொட்டிவிட்டு, குழியில் ஜல்லி நிரப்பினார்கள். ரோடு இப்போது நன்றாக இருக்கிறது. ராஜபாளையம் பக்கம் எங்கே பள்ளம் விழுந்தாலும், டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, "அங்கயும் உங்க செங்கலா?" என்று கேட்கிறார்கள். முதலில் சிரிப்பது அந்தக் காண்ட்ராக்டர்தான்.