பக்கத்து பெட்டின் குறட்டை

பக்கத்து பெட்டில் ஒருவர் குறட்டை விட்டார். அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது — கழன்ற தோளைத் திரும்பப் பொருத்தும்போது வலிக்காமல் இருக்க என்னென்ன வழிகள் உண்டு, அதில் மிகச் சொகுசானது எனக்குக் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும்!

இடம்: திருச்சியில் ஓர் எமர்ஜென்சி வார்டு. காலையில் ஸ்ரீரங்கத்தில் ஷட்டில் ஆடியபோது, எட்டாத ஷாட்டுக்குத் தாவி, கையை ஊன்றி விழுந்தேன். வலது தோள் கழன்றுவிட்டது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. வலிக்கு டிரிப்ஸில் மருந்து இறங்குகிறது. ஆனாலும் மூச்சு விட்டால்கூட உயிர் போகிறது.

குறட்டைக்காரர் முருகேசன் அண்ணன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். வெங்காய மூட்டை சரிந்து அவருக்கும் தோள் கழன்றிருந்தது. ஒரே ஊசி... கண் சொக்கிவிட்டது. டாக்டர் அவர் கையை இழுத்து, மெல்லத் திருப்பி, தோளை உள்ளே சேர்த்தார். குறட்டையில் சுருதிகூடக் குறையவில்லை!

நமக்கு வலிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கவில்லை என்பதை எப்படித் தாங்குவது?

"எனக்கும் அதே ஊசிதான டாக்டர்?"

"எப்ப சாப்பிட்டீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் என் ஷட்டில் பார்ட்னர் ஷர்மிளா பெருமையாக முந்திக்கொண்டாள். "இப்பதாங்க டாக்டர். வர்ற வழியில ஆட்டோவ நிறுத்தி மூணு இட்லி, ஒரு காபி. நானே ஊட்டிவிட்டேன். வெறும் வயித்துல ஊசி போட்டா மயக்கம் வந்துருமில்ல?"

"நாங்க போட இருந்ததே மயக்க ஊசிதாங்க!" என்றார் டாக்டர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். வயிறு நிறைந்திருக்கும்போது தூங்க வைத்தால், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். வேறு வழியே இல்லையென்றால் துணியலாம். எனக்குத்தான் வழி இருக்கிறதே — தோள் மூட்டுக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசி. தோள் மட்டும் தூங்கும். நான் முழித்திருப்பேன்.

"மூச்சுல இழுக்கிற கேஸ் ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. ஆனா இங்க இல்லைங்க."

"இட்லி செரிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணா?"

"பண்ணலாம். ஆனா நேரமாக ஆக தசை இறுகும். அப்புறம் உள்ள போக அடம்பிடிக்கும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... காத்திருக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அந்தக் குறட்டை அப்படி இழுத்தது. கையைப் பார்த்தேன். என் கை மாதிரியே இல்லை. எழுத, ஆட, வண்டி ஓட்ட எல்லாவற்றுக்கும் எனக்கு இந்த ஒரு கைதான்.

"இப்பவே போடுங்க டாக்டர்."

ஊசி சுருக்கென்றது. கால் மணி நேரம் காத்திருப்பு. "இறுக்காதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர், என் கையை மெல்ல இழுத்தபடி. ஷர்மிளாவை இட்லிக்காகத் திட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது வசவில் 'க்ளக்'! வலி கழன்று விழுந்தது போல் இருந்தது.

மறுபடி ஒரு எக்ஸ்ரே. கழுத்தில் கட்டிய தூளியில் கையைத் தொங்கவிட்டுக் கிளம்பும்போது முருகேசன் அண்ணன் விழித்திருந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள கெளம்பிட்ட? என்னை இன்னும் ஒயர் மாட்டிப் படுக்கப் போட்டிருக்காங்க. தூக்கம் முழுசா தெளிஞ்சாத்தான் விடுவாங்களாம். ஊசியே இல்லாம முழிச்சிருந்து பண்ணிக்கிட்டியாமே... கெட்டிக்காரிம்மா நீ!"

ஊசி போட்டார்கள். ஆனால் நான் திருத்தவில்லை. நம்மைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படும்போது குறுக்கே பேசுவது நாகரிகமா?

தூளியைக் கழற்றி மூன்று நாளாகிறது. இப்போது பிசியோதெரபி. சுவரில் விரல்களாலேயே மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட வேண்டும். "சின்ன வயசுல ஒரு தடவை கழண்டா, அவசரப்பட்டீங்கன்னா மறுபடி கழலும்" என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அவசரம் எனக்கெதற்கு? ஆனால் பக்கத்துச் சுவரில் ஜானகி மாமி. வயது அறுபத்தெட்டு. அவர் கோடு என் கோட்டுக்கு ஒரு சாண் மேலே.

"பாத்தியோ, நேத்திக்கு மேல ரெண்டு விரக்கடை!" என்று கண்ணடிக்கிறார்.

நாளைக்கு ஒரு புது முயற்சி. சுவரில் பத்து தடவை ஏற வேண்டும் — மாமி பக்கம் திரும்பாமல்.