மீன்களுக்குப் போட்ட தளிகை

அப்பா செத்து இன்னும் வருஷத் திதி வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பற்றியே பேசினார்கள். தூங்குகிற மாதிரியே இருந்தது என்றார்கள். எனக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் அதிகம் தெரியும். அவர் லாரி ஓட்டினார். நாக்பூர், இந்தூர் என்று எங்கேயாவது இருப்பார். போனில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நாலு வார்த்தை கேட்கும். அதுதான் அப்பா. அதனால்தானோ என்னவோ, அவரை நினைத்தால் ஒரு காலாண்டு லீவுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அந்த லீவில் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அப்போது நான் நாலாவது படித்தேன். திண்டிவனத்தில் வாடகை வீடு. டிவி பக்கத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. சென்னையில் லோடு இறக்கிவிட்டு வந்தபோது அப்பா வாங்கியது. வழியெல்லாம் கிளீனர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். வீட்டில் இருக்கிற நாளில் அப்பா குளித்து, சாப்பிட்டு, அதன் முன்னால் போய்க் குந்திவிடுவார்.

"எப்பவோ ஒரு தபா வர்ற மனுசன், வந்தா மீன்கிட்ட பேசிக்கினு குந்தியிருக்காரு" என்று அம்மா அடுப்படியிலிருந்து எனக்குச் சொல்வது போல அவருக்குச் சொல்வாள்.

"அம்மா கோவமா இருக்கா, கம்முனு இரு" என்று அவர் மீனுக்குப் பதில் சொல்வார்.

அந்த வருஷம் சின்ன மாமா கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்ன அப்பா வரவில்லை. லோடு ஏற்றுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார். பந்தியில் ஆளாளுக்கு "மாப்ள எங்க, மாப்ள எங்க" என்று கேட்க, அம்மா சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். பரீட்சை முடிந்த மறுநாள் வீட்டைப் பூட்டினாள். சாவியையும் மீன் தீனி டப்பாவையும் எதிர் வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். என்னை இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் பெரிய மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். லீவுக்கு வந்திருக்கிறோம் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஸ்கூல் எப்ப தொறக்கறாங்க? எப்ப கெளம்பற?" என்று அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கேட்டாள்.

"இங்கியே ஒரு ஸ்கூல் பாக்கணும் அண்ணி. அங்க இனிமே எனக்கு இன்னா இருக்குது?" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே மீன் இருக்கிறதே!

மாமா பையன்கள் பெரியவர்கள். விடிந்தால் கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அத்தைக்கு வேலை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, மாமா பஞ்சர் கடையிலிருந்து எப்போது வருவார் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா தன் போனை அணைத்து வைத்திருந்ததால் அப்பா மாமா போனுக்குத்தான் கூப்பிடுவார்.

"பாப்பா, சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"மீனு?"

"பெரியம்மா பாத்துக்குது."

"அம்மா?"

நான் அம்மாவைப் பார்ப்பேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டுவாள்.

"தூங்குதுப்பா" என்பேன். வெளிச்சம்கூடப் போகாத நேரத்தில் என்ன தூக்கம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மாமாவை நச்சரித்துப் பெரியம்மாவுக்குப் போன் போட வைத்தேன்.

"உன் மீனுங்களுக்கு இன்னாடி குறைச்சல்? ராஜாவாட்டம் சாப்புடுதுங்க" என்றாள் பெரியம்மா. "புரட்டாசி மாசத்துல அந்தக் கவுச்சித் தீனிய நான் கையால தொடுவனா? டப்பாவத் தொறந்தாலே கருவாட்டு நாத்தம். பெருமாளுக்குத் தளிகை போட்டு, படைச்ச சக்கரப் பொங்கல்ல ஒரு கை அள்ளிப் போட்டேன். வாயத் தொறந்து தொறந்து இன்னும் குடுன்னு கேக்குது, பாவம். தெனிக்கும் சோறு போடறேன், இன்னிக்குப் பொங்கல்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமிக்குப் படைத்ததை என் மீன் சாப்பிட்டிருக்கிறது. சாயங்காலம் அப்பா கூப்பிட்டதும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

 "அய்யய்யோ" என்றார் அப்பா. "பாப்பா, தண்ணி கெட்டுப்புடும்டா. மூச்சு முட்டிதான் அதுங்க வாயத் தொறக்குது. யாராச்சும் ஜல்தியா போயி தண்ணி மாத்தணும். அம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன்.

"அவரையே வந்து மாத்தச் சொல்லு" என்றாள் அம்மா.

அதையும் சொன்னேன்.

"நான் நாக்பூர் தாண்டிக்கினு இருக்கேன், எப்பிடி வர்றது?"

"கல்யாணத்துக்கே வராதவரு மீனுக்கு வந்துடுவாரான்னு கேளு."

அதை நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவர் போனை வைத்துவிட்டார்.

"விடு பாப்பா, புரட்டாசி முடிஞ்சதும் கொழம்பு வெச்சிடலாம்" என்று மாமா சிரித்தார். நான் அழுத அழுகையில் அத்தை ஓடிவந்து அவரைத் திட்டினாள். 

காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். "வா, அந்த மீன ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம். உசுரு போனா பாவம் நம்மளதான் சேரும்" என்றாள். பஸ்ஸில் கூட்டம். விக்கிரவாண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது, மீன் செத்திருந்தால் திரும்பி மாமா வீட்டுக்கே போய்விடுவோமா என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. அடியில் சோறு. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஓரத்தில் கறுப்பு மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

அம்மா அந்தத் தொட்டியை அதுவரை தொட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு தன் போனை எடுத்து ஆன் செய்து, அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, டிவி மேல் வைத்தாள்.

"இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்றாள்.

அப்பா வண்டியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது.

"முழுசா எடுக்காத. பாதி எடு."

"எதுல எடுக்கறது?"

"மக்குல மொள்ளு. மெதுவா. கொழாத் தண்ணிய ஊத்தாத, பிளீச்சிங் இருக்கும். எதிர் வீட்டு போர்த் தண்ணி கொண்டாந்து ஊத்து."

"தெரியிது, கத்தாதீங்க."

"நான் எங்க கத்துனேன்? லாரி போவுது."

நான் பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக வாளி தூக்கினேன். பெரியம்மா வாசலில் நின்று, "பெருமாள் பொங்கல் தின்னா சாவும்? எந்த ஊரு மீனுடி இது!" என்று வருத்தப்பட்டாள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுச் சோற்றை அள்ளினாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மீன்கள் மேலேயிருந்து இறங்கி நடுவில் ஓட ஆரம்பித்தன.

"எத்தினி செத்துச்சு?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அத்தனை நேரம் கேட்கவில்லை.

கறுப்பு மீன் அம்மா உள்ளங்கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் சாவல. எல்லாம் நல்லாதான் இருக்குது" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

"நீ பாத்துப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

"ம்" என்றாள். ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் வேலை முடிந்துவிட்டது. இனி என் முறை என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். என் முறை வரவில்லை. "அன்னிக்கு மறுபடியும் ஒரு போன் போட்டிருக்கலாம்ல" என்றாள். "எத்தினி பேரு கேட்டாங்க தெரியுமா" என்றாள். மீனைப் பற்றிய பேச்சு எப்போது கல்யாணத்துக்குப் போனது என்று எனக்குப் புரியவில்லை. நடுவில் அழுதாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அப்பா என்ன சொன்னாரோ, சிரித்தாள்.

 செத்த மீன் இன்னும் அவள் கையிலேயே இருக்கிறது, அதைப் புதைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, இந்த அம்மாவுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை.