மலையோரக் காம்பரா

கட்டைவிரல் பருமன்தான் இருக்கும் அந்தப் பொட்டலம். வாழைச்சருகு, மேலே வாழைநார் முடிச்சு. இருபத்தைந்து வருடம் என் தகரப்பெட்டியின் அடியில், கிழிந்த கம்பளிக்குள் கிடந்தது. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், "உள்ளே என்ன, தங்கமா?" என்று கேட்கிறார். தங்கமாக இருந்தால் என்றைக்கோ குடித்துத் தீர்த்திருப்பேன். உள்ளே இருந்தது ஒரு பூ.

நானும் என் சகலையும், அதாவது என் மனைவியின் அக்கா புருஷனும், திருச்சிப் பக்கத்திலிருந்து மனைவிமாரோடு கடல் தாண்டி, காட்டுவழி நடந்து, ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். இலங்கை சின்னத் தீவு, ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம் என்று கப்பலில் எல்லாரிடமும் அளந்தவன் நான். பத்தாம் நாள் கால் வீங்கி உட்கார்ந்தபோது, "ஏங்க, உங்க தீவு எப்ப முடியும்?" என்றாள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஐந்து மாதம். ஊரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு.

லயம் என்கிற நீள வரிசை வீட்டின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, காலியாக இருந்தது. "புடிச்சத எடுத்துக்கிடுங்க. பொறவு மாத்திக் குடுன்னு எங்கிட்ட வரப்படாது" என்று சொல்லிவிட்டுக் கங்காணி போய்விட்டார். ஒன்று காற்றுப் பக்கம். அங்கே படுத்தால் போர்வை பக்கத்துத் தோட்டத்தில்தான் கிடைக்கும். மற்றது மலையை ஒட்டி, காற்றுக்கு மறைவாக, பத்தடியில் மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியோடு இருந்தது.

சகலை ஊரில் கிணறு வெட்டியவர். மலையோரக் காம்பராவின் பின்னால் போய் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து முகர்ந்தார். "தம்பி, இது தண்ணி குடிச்ச மண்ணு. இதுல நாங்க இருந்துக்கிறோம். நீங்க காத்துப் பக்கம் போங்க."

எனக்குள் இருந்த புத்திசாலி எழுந்து உட்கார்ந்தான். அடடா, நல்ல காம்பராவை அமுக்கப் பார்க்கிறாரே! "நமக்குள்ள எதுக்குண்ணே வம்பு? ஆத்தாகிட்ட பூ போட்டுக் கேட்டுருவோம்" என்றேன்.

லயத்துக்கு மேலே ஒரு கல்லை நட்டு மாரியாத்தா என்று கும்பிட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிக் கல்லுக்கு முன்னால் போடுவது வழக்கம். எடுக்கிற பொட்டலத்தில் இருப்பதுதான் ஆத்தா வாக்கு. வெள்ளை வந்தால் மலையோரம் எங்களுக்கு, சிவப்பு வந்தால் அவர்களுக்கு என்று பேசிக்கொண்டோம். சிவப்புக்குச் செம்பருத்தி, வெள்ளைக்குத் தேயிலைப் பூ. பறித்ததும் கட்டியதும் நான். இரண்டு பொட்டலத்திலும் தேயிலைப் பூவையே வைத்தேன்.

என் மனைவி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தவள் அப்படியே மண்ணில் விழுந்து அழுதாள். "ஆத்தா எம்புள்ளைக்கு எடம் குடுத்துட்டா!" கூடச் சேர்ந்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மற்ற பொட்டலத்தை எடுத்துச் சகலை மடியில் செருகினார். ஓடையில் விடத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் பின்சுவரை ஒட்டி, தண்ணீர் வடிய அவர் கான் வெட்டினார். "என்னண்ணே, இங்கயும் கெணறா?" என்று லயமே சிரிக்கும்படி கேட்டேன். "கை அரிக்குது, வெட்டுறேன். நீ போயி வெத்தலையப் போடு" என்றார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடி நின்றோம். கொட்டுகிற மழையில் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. பிறகு நின்றேவிட்டது. "மழையில பீலி நிக்குமாடா? ஓடியாடா!" என்று கத்திக்கொண்டே சகலை ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். இதற்கு ஒரு கேலி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன். சத்தியமாக அப்படித்தான் நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் என் மனைவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த காம்பராக்காரர்களும் வந்துவிட்டார்கள். மலை இடிந்தால் இடி மாதிரி சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. களைத்துப் போனவன் உட்காருவது போல எங்கள் காம்பராவின் மேல் அது உட்கார்ந்தது. சுவர் இல்லை, அடுப்பு இல்லை. ஒரு தகரத்தின் முனை மட்டும் சேற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. லயத்துக்காரர்கள் அதற்காகவே கற்பூரம் ஏற்றியிருப்பார்கள்.

காற்றுப் பக்கக் காம்பராவில் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பிள்ளை அங்கேதான் பிறந்தான், தங்கினான். ஆனால் என் மனைவி ஆத்தாவுக்கு விளக்கேற்ற மறுத்துவிட்டாள். "அவ குடுத்த எடத்துலதான எம்புள்ளைய முழுங்கப் பாத்தா? இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சில்ல."

அவள் அப்படிச் சொன்ன மறுநாள் ஓடைக்கரையில் சகலை என் கையில் அந்தப் பொட்டலத்தை வைத்தார். முடிச்சு நான் போட்டது இல்லை.

"அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா ரோசத்துல அந்தக் காம்பராவ விட்டு நகர மாட்ட. ஒம் பொஞ்சாதி மனசும் ஒடஞ்சிரும். எறங்குற மண்ணுன்னு தெரிஞ்சும், கான் வெட்டுனாப் போதும்னு நெனச்சேன், அது எந்தப்பு. இப்ப ஆத்தா மேல பழி கெடக்கு. அத நீதான் எறக்கணும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வர இருபத்தைந்து வருடம் ஆனது. காடாகக் கிடந்த வழியில் இன்றைக்கு ரயில் போகிறது. அத்தனை காலமும் சகலை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்ப்பார், அவ்வளவுதான்.

போன மாதம் அவர் செத்துப்போனார். பதினாறாம் நாள் அவருக்காக லயமே கல்லடியில் விளக்கேற்றியது. தன்னைத் தூக்கி வந்த மனுஷனுக்காகக்கூட என் மனைவி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பொட்டலத்தை அவள் மடியில் வைத்து, "நான் கட்டுன மத்த பொட்டலம்" என்றேன்.

பிரித்தாள். பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தது. வருடக்கணக்காகக் கொழுந்து பறித்தவளுக்கு அது எந்தப் பூ என்று சொல்ல வேண்டியதில்லை. பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருசம் ஆத்தாகூடப் போய்ப் பேசாம இருந்தேனே" என்றாள். எழுந்து, மூலையில் கிடந்த விளக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனாள். திரும்பி வந்து வீட்டிலும் ஏற்றினாள்.

அன்று எங்கள் காம்பராவில் விளக்கு எரிந்தது. அடுப்பு எரியவில்லை.