பெயர் சொல்லிக் கூப்பிடாதவள்

மலாய் நாட்டில், டத்தோ கிராமாட் சாலையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், பிறகு சாப்பாடு, பிறகு தூக்கம். கமலாம்பிகைக்கும் அவள் கணவர் விஸ்வலிங்கத்துக்கும் மட்டும் மலை. விடிந்ததும் தூக்குச்சட்டியில் புளிச்சாதத்தை அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தண்ணீர்மலை அருவிக்குப் பக்கத்தில் ஏறி, ஓடைக்கரையோடு நடந்து, ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கிப் பொழுது சாயும்போது வீடு வந்து சேருவார்கள். "வேலைவெட்டி இல்லாததுகள்" என்று ஊர் சிரித்தது. கப்பல் கம்பெனியில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து, வாரம் முழுக்க மேசைமேல் குனிந்தே கிடந்த மனிதர், ஒரு நாளாவது நிமிர்ந்து நடக்கட்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகுட்டி இல்லாதவர்கள், எங்கேயாவது சுற்றட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவர்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. ஓடை இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஓடும். பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழையலாம். வெளியே வந்தால் மணல் திட்டு. அங்கே உட்கார்ந்துதான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள்.

எப்போதும் அவர் முன்னால், அவள் பின்னால். கல்யாணமான நாள்முதல் மலையில் அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி விழும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ஆயிரம் பேருக்கு நடுவே அந்த நடையை அவளால் கண்டுபிடிக்க முடியும்.

கூப்பிடுவதில்தான் சிக்கல். புருஷனின் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டில் "இஞ்சாருங்கோ" போதும். கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுவாள். மலையில் எவளைத் தேடுவது? ஓடை இரைச்சலில் "இஞ்சாருங்கோ" பத்தடி தாண்டாது. விஸ்வலிங்கமே வழி சொன்னார்.

"நீர் ஒருக்கா கூக்காட்டும். நான் திருப்பிக் கூக்காட்டுறன். பெயரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அதிலிருந்து அவள் பின்தங்கினால் "கூ" என்பாள். மேலேயிருந்து "கூ" என்று பதில் வரும். அது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. சில நாள் வேண்டுமென்றே பின்தங்கினாள்.

பக்கத்து வீட்டு ஹாஜராவுக்கு இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது. "பேரச் சொன்னா வாய் வெந்துடுமாலா? நான் எங்க வூட்டுக்காரர நாளைக்கு நூறு தடவ பேரச் சொல்லித்தான் திட்டுறேன். நல்லா கல்லு மாதிரி இருக்காரு!"

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கப்பல் கம்பெனி மூடிக்கொண்டது. அரிசி கண்ணில் படாத பொருளாயிற்று. விஸ்வலிங்கம் நடையை மட்டும் விடவில்லை. இப்போது அதற்கு ஒரு சாக்கும் கிடைத்திருந்தது: மலையைத் தாண்டினால் பாலிக் புலாவ், அங்கே தெரிந்த தோட்டக்காரரிடம் மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும். ரோட்டு வழியே போனால் காவல்காரன் பாதியைப் பிடுங்கிக்கொள்வான். "ஓடை வழியே போவம்" என்றார். கிழங்கு பாதிக் காரணம்தான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தால் அந்த மனிதருக்குப் பைத்தியமே பிடித்திருக்கும். வேண்டாம் என்று அவள் தடுத்திருக்கலாம். அவளுக்கும் ஆசை இருந்ததே, என்ன செய்வது?

அன்று கிழங்கோடு திரும்பும்போது மலையில் மழை. மேகம் ஓடைக்குள் இறங்கி, எதிரே நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. பாறை இடுக்கில் அவள் கால் வழுக்கி விழுந்தாள். எழுந்து பார்த்தால் முன்னால் முதுகைக் காணவில்லை. பயத்தில் எப்போதும்போல் ஒரு "கூ" கொடுத்தாள். மணல் திட்டிலிருந்து எப்போதும்போல் "கூ" என்று பதில் வந்தது.

இடுக்கிலிருந்து அவள் வெளியே வந்தபோது அவரைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். மலையில் எதிரிகள் ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடி வந்த கூட்டம். ஒரு குரல் கூப்பிட, இன்னொரு குரல் பதில் சொன்னதைக் கேட்டுவிட்டார்கள்.

அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்: "யாருக்கு ஜாடை கொடுத்தாய்?"

"என் புருஷனுக்கு" என்றாள், தெரிந்த மலாயில்.

"புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாயா? சரி, இவன் புருஷன்தானே, பெயரைச் சொல் பார்ப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். மழைத்தண்ணீர்தான் வாய்க்குள் போயிற்று.

"சொல்லும், பரவாயில்லை" என்றார் விஸ்வலிங்கம் மெதுவாக.

கோயிலில் சொல்ல ஆள் கிடைக்காதபோது பெண்கள் எப்படிச் சொல்லுவார்களோ அப்படித்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. சிவன் பெயர், சாமி பெயர் என்று ஜாடையாகச் சொன்னால் ஐயர் புரிந்துகொள்ளுவார். அதையே மலாயில் சொன்னாள்: "நாமா துஹான்." கடவுளின் பெயர்.

தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தான் மொழிபெயர்ப்பாளன். கன்னத்தில் விழுந்த அறையில் அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே ஈர மணலில் விரலால் அந்தப் பெயரை எழுதினாள். தமிழ் எழுத்து அங்கே யாருக்குத் தெரியும்? சிப்பாய் ஒருவன் பூட்ஸ் காலால் அதை அழித்தான். அவளை அங்கேயே விட்டுவிட்டு அவரை மட்டும் கொண்டுபோகத் திரும்பினார்கள்.

"வீட்டை போம். நான் வந்திடுவன்" என்றார் அவர். கைகள் பின்னால் கட்டித்தான் இருந்தன. இந்தமுறை கயிற்றால்.

இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தை எவன் உண்டாக்கினானோ! சொன்னால் ஆயுள் குறையுமாம். சொல்லாததால் என்ன கூடியது? கமலாம்பிகை இதை யாரிடம் போய்க் கேட்பாள்? காவல் நிலையத்து வாசலில் நின்று பார்த்தாள். துரத்தினார்கள். மறுநாளும் நின்றாள். தெரிந்தவர்கள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மாதங்கள் போயின. ஹாஜராவின் தம்பி இப்ராஹிம் எதற்கோ பிடிபட்டு, உள்ளே கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அவளிடம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணன் இருக்காருக்கா. பார்த்தேன்."

"எப்பிடி இருக்கிறார்?"

அவன் தரையைப் பார்த்தான். "உள்ள பேரு கூப்பிட்டா, விசாரணைக்குன்னு அர்த்தம். விசாரணைன்னா அடி. எங்க பேரு காதுல விழுந்தாலே எல்லாரும் கழுத்தச் சுருக்கிக்குவோம். இப்பவும் எங்க அக்கா இப்ராஹிம்னு கூப்பிட்டா, யாருன்னு திரும்பிப் பார்க்காம நகர்ந்துடுறேன்."

ஒரு காலை ஹாஜரா முக்காடு நழுவ ஓடிவந்தாள். "சயாம் ரயில் ரோடு வேலைக்கு ஆளுங்களக் கொண்டு போறானுங்க. ஜெயிலு ஆளுங்களும் இருக்காம். ஃபெர்ரிக்குக் கூட்டிட்டுப் போறானுங்க, வா வா!"

படகுத்துறையில் கூட்டம். மொட்டைத்தலைகள் வரிசை வரிசையாகப் போயின. எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. கமலாம்பிகை முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். வெளிப்பக்கம் திரும்பி விழுந்த ஓர் இடது பாதம் அவளைக் கடந்து போயிருந்தது. மேலே பார்த்தாள். அதே முதுகு, பாதியாக வற்றிப்போயிருந்தது.

ஒருமுறை திரும்பினால் போதும். அவள் உயிரோடு இருப்பதை, காத்திருப்பதை அவர் பார்த்துவிட்டுப் போனால் போதும். வேறொன்றும் அவளால் செய்ய முடியாது. அதையாவது செய்ய வேண்டும்.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினாள். வரிசையில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிக்கொண்டார். கூக்காட்டலாம். கூக்காட்டித்தானே அவரைப் பிடித்துக் கொடுத்தாள்? வரிசையின் இருபக்கமும் துப்பாக்கிமுனைக் கத்திகள் மின்னின. கூக்காட்ட எடுத்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுலா! போறாரு பாரு!" ஹாஜரா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஆயுள் குறைந்தால் குறையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"விஸ்வலிங்கம்!"

கல்யாணமான நாள்முதல் அடைத்துக் கிடந்த பெயர் அவ்வளவும் அந்த ஒரு சத்தத்தில் வெளியே வந்தது. காவல்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். அந்த முதுகு மட்டும் திரும்பவில்லை. தோள்கள் இரண்டும் மேலே ஏறின. கழுத்து உள்ளே போயிற்று. முதுகை இன்னும் குனித்து, முன்னால் போகிறவனை இடித்துக்கொண்டு அவர் வேகவேகமாகப் படகுக்குள் நுழைந்துவிட்டார்.

ஃபெர்ரி அக்கரையை நோக்கி நகர்ந்தது. ஹாஜரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு சத்தம் போட்டியே. காதுல விழலையா அவருக்கு?"

"விழுந்தது அக்கா" என்றாள் கமலாம்பிகை. "நான் எண்டு தெரியேல்லை."