எட்டு விளக்குச் சுமலதா

முன்பல்லில் கேபிளைக் கடித்து, ஒரே இழுப்பில் சாம்பல் நிறத் தோலை உரித்து, எதிர்வீட்டு மாடிப்படியிலேயே துப்பினார் சுமலதா. உள்ளே முறுக்கிக் கிடந்த நான்கு ஜோடிக் கம்பிகளை வரிசை கட்டி, முனையில் ஜாக்கைச் செருகி ஓர் அழுத்து. அடுத்தது டெஸ்டர். அது இரண்டு துண்டு. பெரியது அம்மா, சின்னது புள்ள. கேபிளின் ஒரு முனை அம்மாவுக்கு, மறுமுனை மாடியில் புள்ளைக்கு. இரண்டிலும் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தால் வேலை முடிந்தது.

“எட்டும் எரியுது, பாத்துக்க. இதுக்கு மேல நெட்டு வரலன்னா அது என் தப்பு இல்ல.”

யார் தப்பு என்பதற்கும் பதில் தயார்: குரங்கு. சுமலதா பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, ஒன்பது வருடமாகச் செஞ்சியில் பாதி வீடுகளுக்குக் கேபிள் இழுத்தவர். ஒரு வேலையைக்கூட இரண்டாவது தடவை செய்ததில்லை என்று அலட்டிக்கொள்வார். அவர் கேபிள் இழுத்த என் வீட்டு மாடியில் மூன்று வருடமாக நெட் திக்கித் திணறுகிறது. “ராஜகிரிக் கோட்டைக் குரங்கு கடிச்சிருக்கும் சார்” என்று அவர் சொன்னதை நம்பி, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்த புத்திசாலி நான்.

எதிர்வீட்டுத் தனகோட்டிக்கு அன்று வாழ்வா சாவா. அவர் மாடியில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஆன்லைன் தேர்வு நடத்தலாமா என்று பார்க்கப் பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். சரியில்லை என்றால் அனுமதி அனந்தபுரத்துச் சென்டருக்குப் போய்விடும். மணி ஒன்பதரை. விளக்குகள் எட்டும் எரிந்தன. மாடியில் நெட் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது.

“குரங்குதான்.”

“இன்னாக்கா, இப்பதான் இழுத்த. காலைலேருந்து நீ ஒருத்திதான இங்க இருக்கிற?”

தனகோட்டி கடையில் வாங்கிய ரெடிமேட் கேபிளை எடுத்துவந்து, இரண்டு ஜாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். “இதுல பச்சை ஜோடி பிரிஞ்சி, நடுவுல நீலம் உக்காந்திருக்குது. உன்னுதுல எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குது.”

“சேத்து முறுக்குனத நான் எதுக்குப் பிரிக்கணும்? பாவம் புடிக்கும்.”

போனில் தேடி நான் சத்தமாகப் படித்தேன். கடைக்காரன் வரிசைதான் சரி. கம்பி போய்ச் சேர்ந்ததா என்று மட்டும்தான் டெஸ்டர் பார்க்கும். எந்த ஜோடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. குட்டைக் கேபிளில் இந்தத் தப்பு வெளியே வராது, மாடிவரை நீண்டால் பல்லிளிக்கும்.

சுமலதா ஒன்பது வருடம் நம்பிய டெஸ்டரை ஒரு முறை முறைத்தார். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு இரண்டு முனைகளையும் வெட்டி, பச்சை ஜோடியைப் பிரித்துப் போட்டார். பத்து ஐம்பதுக்கு நெட் ஓடியது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“குரங்குதான் சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார் சுமலதா. தெருமுனையில் நிறுத்தினார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்து, மோடத்திலிருந்து கேபிளை உருவி ஜாக்கை நறுக்கிப் போட்டு, பச்சை ஜோடியைப் பிரித்தார்.