கேரியர் இல்லாத ரேஸ் சைக்கிள்

அந்த ரேஸ் சைக்கிளை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு யோசித்தது கிடையாது. ஒரு பஜ்ஜி, ஒரு காபி, சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. சேலையூரில் இரண்டு அறை வாடகை வீடு. அப்பா, அம்மா, தங்கை, இரண்டு தம்பிகள், நான், புதிதாக வந்த என் மனைவி என்று ஏழு பேர். எனக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. அவள் பாரிமுனையில் டைப்பிஸ்ட். காலையில் அவளை என் பழைய சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன். அவள் மின்சார ரயிலைப் பிடிப்பாள். நான் ரயில்வே கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிப் பல்லாவரம் போவேன்.

அந்தப் பழைய சைக்கிளின் பாரில் விரிசல் விட்டது. இரண்டு தடவை வெல்டிங் வைத்தும் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து, படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய கல்லூரி மாணவர் ஒருவர், தன் ரேஸ் சைக்கிளை விற்றுத் தரச் சொல்லி எங்கள் தெருமுனைக் கடையில் விட்டிருந்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், சன்ன டயர், கியர். விலை புது சாதா சைக்கிளில் பாதிகூட இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து அப்படி ஒரு வண்டிக்கு நான் ஏங்கியிருக்கிறேன். வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

சைக்கிள் கடைக்காரர் ஒளிவுமறைவு இல்லாதவர். "வண்டி சோக்கா கீது சார். ஆனா ஆபீசு போறதுக்கு தோதுப்படாது. மட்கார்டு இல்ல, ஸ்டாண்டு இல்ல. கேரியர் மாட்டலாம்னா போல்ட்டு போட ஓட்டகூட இல்ல. இன்னாத்துக்கு சார் உனக்கு இந்த பேஜாரு?" என்றார்.

நான் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனேன். ரோடு காலி. கடல் காற்று வேறு முதுகில் கைவைத்துத் தள்ளியது. தாம்பரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மற்றவர்கள் சைக்கிளைச் சாய்த்து, குனிந்து, அடியில் இழுத்துக்கொண்டிருக்க, நான் என்னுடையதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினேன். நாற்பது நிமிஷப் பல்லாவரம் இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தது.

திரும்பி வருவதற்குள் எல்லாக் குறைக்கும் பதில் தயார். மட்கார்டு இல்லையா? வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது? ஸ்டாண்டு இல்லையா? சுவர் இருக்கிறது. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை, தனி ஆளாக, வெறுங்கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஏற்ற வண்டி என்று தீர்ப்பு சொன்ன மேதாவி நான் ஒருவன்தான் இருப்பேன்.

கேரியர் விஷயத்தை மட்டும் மனைவியிடமே கேட்டேன். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து காபி குடிக்கும்போது கேட்டேன். "கேம்ப் ரோட்டுல பஸ் நிறைய வருதுங்க. உங்களுக்குப் பிடிச்சிருந்தா வாங்கிக்குங்க" என்றாள். மாமனார் மாமியார் முன்னால் புது மருமகள் வேறு என்ன சொல்வாள்? எனக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது. அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

வீட்டில் அவள் வாயே திறக்க மாட்டாள். எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். அந்தப் பக்கம் தங்கை புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். ஆனால் பழைய சைக்கிளில் போன நாட்களில், ஏரிக்கரையில் திரும்பியதும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். "ஏங்க, உங்கம்மா இன்னைக்கு ரசத்துல உப்பு போட்டாங்களா, உப்புல ரசம் போட்டாங்களா?" என்பாள். தன் ஆபீஸ் மானேஜர் மூக்கால் பேசுவதைப் பேசிக் காட்டுவாள். சில நாள் குரல் இறங்கி, பயங்களைச் சொல்வாள், ஆசைகளைச் சொல்வாள். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் அவளுக்குப் பேச்சு வந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் ரோட்டைப் பார்த்தபடி "ம், சொல்லு" என்பேன். இடுப்புப் பக்கம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவாள். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்த இடம் கசங்கியே இருக்கும்.

ரேஸ் சைக்கிள் வந்தபிறகு சட்டை கசங்கவில்லை. காலையில் அவள் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓட்டுவேன். முந்தும்போது ஒரு கையை உயர்த்துவேன். கம்பியைப் பிடித்து நின்றபடி அவள் சிரிப்பாள். கொம்பு முளைத்தவன் மாதிரி மிதித்துக்கொண்டு போவேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். தெருவில் நுழையும்போதே எதிர்வீட்டு மாமி நிறுத்தி வாழ்த்து சொன்னார். எதற்கு என்று விளங்காமல் சிரித்து வைத்தேன். வீட்டில் கேசரி கிளறியிருந்தார்கள். "நீ அப்பாவாகப் போறடா" என்றாள் அம்மா. தங்கைக்குத் தெரிந்திருந்தது, அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கடைசி.

கொல்லையில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்ட ஏன் முதல்ல சொல்லல?"

"நாலு நாளா உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். காலையில வாந்தி எடுத்ததை அத்தை பார்த்துட்டாங்க."

"நாலு நாள் இருந்துதே, சொல்றதுக்கென்ன?"

அவள் என் சட்டையை மடித்துக்கொண்டே, "எங்க உக்காந்து சொல்றது?" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே இடம் தெரியாமல்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறே அந்த வண்டியைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கனமான பழைய சாதா சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அகலமான கேரியர், அதன் மேல் மெத்தை. திங்கள் காலை வாசலில் நிறுத்தி மணி அடித்தேன். அவளும் ஆசையாகப் பையோடு வந்தாள். பின்னாலேயே அம்மா ஓடிவந்தாள். "வாயும் வயிறுமா இருக்கிறவளை சைக்கிள்லயா ஏத்துவ? புத்தி கித்தி இருக்கா?" அம்மா சொன்னதில் தப்பே இல்லை. என் மனைவி பஸ் பிடிக்கக் கேம்ப் ரோட்டுக்கு நடந்தாள்.

குழந்தை பிறந்தது, அவள் வேலையை விட்டாள். மறுபடி கேரியரில் உட்காரலாம் என்ற நிலை வந்தபோது, அவளுக்குப் பிடிக்க ரயில் எதுவும் இல்லை. பிறகு ஸ்கூட்டர் வந்தது. அந்த இரைச்சலில் பின்னால் இருப்பவர் பேசுவது யாருக்குக் கேட்கும்?

இப்போது நாவலூர் ஃபிளாட்டில் நாங்கள் இரண்டே பேர். நாள் முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். "ஏதாவது சொல்லேன்" என்றால், "உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்கிறாள். எனக்கு என் முதுகோடு பேசிய அந்தப் பெண்ணின் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அவள் மாசமாக இருந்த அந்த நாட்களில், அவள் பஸ்ஸில் போக, நான் அந்த மெத்தை வைத்த சைக்கிளில் தனியாகப் போவேன். ஏரிக்கரை திரும்பியதும் பழக்கதோஷத்தில் "ம், சொல்லு" என்பேன். பின்னால் கேரியர் மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டு வரும்.