இரும்பு இல்லாத வண்டி

கோதண்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். என் பெயர் சேட்டு. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன்.

கனகம்மாசத்திரம் பக்கத்தில் கோதண்டத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். பாதி வேர்க்கடலை, பாதி மல்லி. காலையில் பறித்த பூவை மூட்டை கட்டி, தன் பழைய இரும்பு சைக்கிளில் எங்கள் ஊர் பூக்கடைகளுக்குக் கொண்டுவருவார். மனைவி மணியம்மை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் தீபாவுக்கு ஆறு வயது. அதற்கப்புறம் முன்குழாய் மேல் தீபா, பின்னால் பூ மூட்டை. பள்ளிக்கூடத்தில் பெண்ணை இறக்கிவிட்டு அப்படியே கடைத்தெருவுக்கு வருவார். அந்தக் குழாயில் உட்கார்ந்து வளர்ந்த பெண்ணுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

தீபா ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போனாள். அங்கே பந்தய சைக்கிள் ஓட்டுகிறவர்களோடு சேர்ந்தாள். மாவட்ட அளவில் இரண்டு தடவை முதலிடம். போன வருடம் மாநிலப் போட்டிக்குத் தேர்வானதும், யாரோ ஓட்டிய, கார்பன் இழையில் செய்த பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

இரும்பைத் தவிர வேறெதையும் தொடாத கை என்னுடையது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். இரும்பு வண்டி மிதித்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும். கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு ஜல்லியையும் உள்ளங்கைக்குச் சொல்லும். இது மிதித்த உடனே பாய்ந்தது. பொடி அதிர்வையெல்லாம் தானே விழுங்கிக்கொண்டது. ஏறி உட்கார்ந்ததே தெரியவில்லை.

கோதண்டமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார். இறங்கியபோது அவர் முகம் தெளிவாக இல்லை.

"பூ மாதிரி கீது நைனா, இல்ல?" என்றாள் தீபா.

"ஆங், லேசாத்தான் கீது. ஆனா ஒண்ணியும் சொல்ல மாட்டேங்குதே. ஏம்பா சேட்டு, இதுல இரும்பு எங்க கீது?"

"செயின்ல கீதுங்க."

"செயினு இன்னாத்துக்கு ஆவும்? ஒடம்புல இருக்கணும்பா."

அவர் கவலை எனக்குப் புரிந்தது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள் வைக்கிற ஊர் இது. கறி கொண்டுபோகிற பாத்திரத்தில்கூட ஓர் ஆணியைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். இரும்பு கூட இருந்தால் காத்து கருப்பு அண்டாது. உடம்பில் பொட்டு இரும்பு இல்லாத வண்டியில் தன் ஒரே பெண்ணைத் தனியாக ரோட்டில் ஓடவிட அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்த வாரமே ஓர் இரும்புப் பட்டையோடு வந்தார். அவர் அப்பா ஓட்டிய ஏரின் கொழுவைக் காய்ச்சி, பள்ளிப்பட்டில் ஒரு கொல்லரிடம் அடித்து வாங்கியது. கிருத்திகையன்று மலைக்குக் கொண்டுபோய் விபூதி பூசி எடுத்துவந்திருந்தார். குழாயைச் சுற்றி மாட்டி ஒரு போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

தீபா சிரித்துவிட்டாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி, போடுங்கண்ணா. லேசா போடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

"நல்லா இறுக்குபா. வழியில கயண்டு வுழுந்துட்டா?" என்றார் கோதண்டம்.

இறுக்கினேன். இரும்புக்கு எப்படி இறுக்குவேனோ அப்படி, ஸ்பேனர் முனகுகிற வரைக்கும். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பெயின்ட் விட்டிருக்கும் என்று நினைத்து, துணியால் துடைத்துக் கொடுத்தேன். முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிற முட்டாளுக்கு அந்தச் சத்தத்தில் நிறுத்திக் கேட்கத் தோன்றவில்லை. இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டும், வளைந்து காட்டும். கார்பன் உள்ளுக்குள் விரிசல் விட்டு வெளியே பளபளவென்று நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தீபா மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது இறக்கத்தில், வளைவில், வண்டி இரண்டாக உடைந்தது. இடுப்பெலும்பு போயிற்று, வலது முழங்கால் போயிற்று. உடைந்த வண்டியை எடுத்துவரப் போனவன் நான். பட்டையின் ஓரத்தில், கத்தியால் அறுத்த கரும்பு மாதிரி, சரியாக அங்கேதான் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் தனியாக இருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நாயி குறுக்க வந்துச்சுன்னு நைனாகிட்ட சொல்லிட்டேண்ணா. நீங்களும் அதையே சொல்லுங்க. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு."

மாநிலப் போட்டி அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இனி பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோதண்டம் உடைந்த வண்டியிலிருந்து பட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். கொடுத்தேன். பூக்கடைத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வண்டி ரெண்டா பூட்ச்சு, எம்பொண்ணு பொயச்சுகினா. இதாம்பா காப்பாத்திச்சு."

போன மாதம் இருவரும் கடைக்கு வந்தார்கள். தீபா ஊன்றுகோலோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கோதண்டம் மடியிலிருந்து பட்டையை எடுத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"இந்தக் கோலும் அலுமினியமாம்பா, இதுலயும் இரும்பு இல்ல. இத்த மாட்டிக் குடு. நல்லா இறுக்கு. அன்னிக்கு நீ இறுக்கனதாலதான் எம்பொண்ணு இன்னிக்கு நிக்கிறா."

தீபாவைப் பார்த்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கோலை என்னிடம் நீட்டினாள்.

"இறுக்குங்கண்ணா" என்றாள்.

பட்டை கோலுக்குப் பெரிதாக இருந்தது. பழைய டியூபை வெட்டிச் சுற்றி, அதன் மேல் மாட்டி முடுக்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கோதண்டம் தினமும் என் கடைக்கு வருகிறார். மூட்டையிலிருந்து ஒரு கை மல்லியை அள்ளி, கல்லாவுக்கு மேலே இருக்கிற முருகன் படத்துக்குப் போடுகிறார். பிறகு என்னையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்.